பேரன் காது வளக்கான்

வாலே மவராசா, உக்காரு. காது வளக்கப் போறியாமே, உங்கம்மை ஒப்பாரி வச்சிட்டுப் போறா. எனக்குச் சந்தோசந்தான். பொம்பளையெல்லாம் விட்டொழிச்ச பாம்படத்தை எடுத்து மாட்ட நம்ம வீட்டுல ஒரு ஆம்பளைச் சிங்கம் வந்திருக்கே! அந்தக் கறுப்பு வளையத்தைக் காட்டு பாப்போம். உள்ள விட்டா அந்தப் பக்கம் தெரியுமோ? எங்க காலத்துல சன்னலை வீட்டுக்குத்தான் வைப்பாவ.

எங்கம்மைக்குக் காது தோள்ல இடிக்கும். திருநெவேலி, தூத்துக்குடி, ராமநாதபுரம்னு தெக்கத்திச் சீமையில எந்தக் கிழவியைப் பாத்தாலும் அப்படித்தான். பாம்படம், தண்டட்டி, முடிச்சு, நாகவடம்னு ஆளுக்கொண்ணு ஆடும். பாக்கதுக்குத்தான் அத்தனையும் தங்கம். மேல தகடு, உள்ள அரக்கு. கள்ளப் பயலுக்கு அது எங்க தெரியுது? காதோட அறுத்துட்டு ஓடிருவான்.

அந்தக் காது ஒரு மாசத்துல வளந்துதுன்னா நெனைச்சே? பச்சைப் பிள்ளையிலயே குத்திருவாவ. புண்ணு ஆறின பெறவு பஞ்சைத் திரிச்சுச் சொருகுவாவ. அது தளந்தா இன்னுங் கொஞ்சம் பஞ்சு. பெறவுதான் ஈயக் குணுக்கு. அந்தப் பாரத்தைச் சுமந்துக்கிட்டேதான் பிள்ளை தட்டாங்கல்லு வெளையாடும், ஆடு மேய்க்கும். காது அது பாட்டுக்கு எறங்கிக்கிட்டு இருக்கும். நீ என்னடான்னா தீவாளிக்கு ஆர்டர் போட்டுட்டு பொங்கலுக்குள்ள பத்து மில்லிமீட்டர் வேணுங்கே.

உன் தங்கச்சி நர்சுக்குப் படிக்காள்லா, அவளை உக்கார வச்சு எல்லாத்தையும் கேட்டுட்டேன். கடைக்காரன் கணக்கே தலைகீழாம்லா! நம்பர் கொறையக் கொறைய ஓட்டை பெருசாகும். 18-ன்னா 1 மில்லிமீட்டர், 14-ன்னா 1.6, 8-ன்னா 3.2. பூச்சியம்னா 8 மில்லி. அதுக்கும் மேல ரெட்டைப் பூச்சியம். பரிச்சையில வாங்கிப் பழகின நம்பர்தானே, உனக்குக் கஷ்டமா இருக்காது.

ஆனா ஒரு அளவையும் தாண்டிக் குதிக்காத. புதுசாக் குத்தின காதுன்னா ஆறு மாசமாவது சும்மா கெட. பெறவு ஒவ்வொரு அளவுக்கும் நடுவுல கொறைஞ்சது ஒண்ணரை, ரெண்டு மாசம் விடணும். அளவு கூடக் கூடப் பொறுமையும் கூடணும். அவசரப்பட்டுத் திணிச்சேன்னு வையி, உள்சதை பின்பக்கமாப் பிதுங்கி நிக்கும். காதுச்சோணை மெலிஞ்சு, ஒருநா அத்துக்கிட்டே போயிரும். வலிச்சாத்தான் வளரும்னு உன் சேக்காளி சொன்னானாக்கும்? அவன் காதைக் கொண்டாரச் சொல்லு, மொதல்ல அதுல சோதிச்சுப் பாப்போம். ஒழுங்கா விரிக்கிற காதுல ரத்தம் வராதுலே. வலிச்சா, எரிஞ்சா, மறுபடி சின்ன அளவையே போட்டுக்கோ. அதுல உன் மீசைக்கு ஒண்ணும் கொறைச்சல் வந்துராது. மீசை எங்கன்னுதான் நானும் தேடுதேன்.

வெந்நியில குளிச்ச சூட்டோட, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு மாட்டு. ஜோஜோபாவோ என்னமோ ஒரு எண்ணெய் சொன்னா, அதைக் கொஞ்சம் தடவிக்கோ. அந்தக் கூம்பு ஊசி நொழைக்க மட்டுந்தான். அதையே நகைன்னு மாட்டிக்கிட்டுத் திரியாத. புதுசா விரிச்ச காதுக்குக் கண்ணாடி, இல்லன்னா டைட்டானியம். பிளாஸ்டிக், ரப்பர், மரக்கட்டை எல்லாம் நல்லா ஆறின பெறவு. மேல்காது குருத்தெலும்பு, அதுகிட்ட இந்த வித்தை செல்லாது. தழும்பு தடிச்சு வளருத ஒடம்புன்னா இந்த ஆசையே வேண்டாம். உங்க தாத்தாவுக்கு அப்படித்தான் இருந்துது, நல்லாப் பாத்துக்கோ.

எங்க செட்டுப் பொம்பளையள்ல பாதிப்பேரு, பிள்ளைய கேலி பண்ணுதுன்னு வளத்த காதை அறுத்துத் தைச்சுக் கம்மல் போட்டுக்கிட்டாளுவ. உனக்கும் ஒருநா அந்தப் புத்தி வரும், பொண்ணு பாக்கப் போகையில. பத்து மில்லி தாண்டின ஓட்டை தானா மூடிக்கிடும்னு நம்பாத. அதுக்கு முன்னாடியே சுருங்க மாட்டேன்னு நிக்கிற காதும் இருக்கு. பெறவு டாக்டர் கத்தியும் ஊசியுமா எறங்கணும்.

என்னைக் கேட்டா, ஆறு மில்லியோட நிறுத்திக்கோ. மேல போறதுன்னா மொதல்ல தையக்கூலியை எடுத்து வச்சிட்டுப் போ. அந்தச் செலவுக்கு எங்கிட்ட வந்து நிக்கப்படாது, சொல்லிட்டேன்.