கோழியின் அந்திக் கொள்முதல்: ஓர் ஆராய்ச்சி

கோழியினத்தைப் பற்றி நம் புலவர்கள் சேவல் கூவுவதோடு நிறுத்திக்கொண்டார்கள். சமையல் அறிஞர்கள் குழம்போடு. குப்பைமேட்டைக் கிளறும் கோழி எந்த யோசனையில் கிளறுகிறது என்ற அடிப்படைக் கேள்வி கேட்பாரற்றுக் கிடக்கிறது. அப்பெருங்குறையைப் போக்கவே இக்கட்டுரை. எமது கருதுகோள்: கோழி கிளறும்போது வரவு செலவு பார்க்கிறது.

முதலில் செலவு. ஒரு முட்டையின் ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஓடு கட்டி முடிய ஏறக்குறைய 20 மணி நேரமாகும். அதில் பெரும்பகுதி இரவில், கோழி கண்ணயர்ந்திருக்கும்போது நடக்கிறது. ஆகவே சரக்கைப் பொழுது சாய்வதற்குள் வாங்கி வைத்தாக வேண்டும். கோழி அதைத்தான் செய்கிறது. ஒரு தட்டில் தீவனமும் இன்னொரு தட்டில் கிளிஞ்சல் நொறுக்கும் வைத்துப் பாருங்கள். பிற்பகலுக்கு மேல் கிளிஞ்சல் தட்டில் கூட்டம் சேரும். அன்று ஓடு கட்டும் வேலை இல்லாத கோழிக்கு அதில் அத்தனை நாட்டமில்லை. கிளிஞ்சலே கிடைக்காவிட்டால் தன் எலும்பிலிருந்து கடன் வாங்கும். சுவரின் சுண்ணாம்புக் காரையைக் கொத்துகிறதென்று கோழியை விரட்டும் பாட்டிமார், சுவரைக் காப்பாற்றித் தோல் முட்டைக்கு வழிசெய்கிறார்கள் என்பதை வருத்தத்துடன் பதிவு செய்கிறோம்.

ஹியூஸ், உட்-குஷ் என்ற இருவர் 1971இல் கால்சியத்துக்கென்றே கோழிக்குத் தனிப்பசி உண்டு என்று காட்டினார்கள். தயமின் என்னும் வைட்டமின் பி1க்கும் அப்படியே. உப்புக்கு மட்டும் அப்படியொரு பசி தென்படவில்லை. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். கோழியும் அங்கேதானே இருக்கிறது, அதற்கென்ன கவலை?

தயமின் என்றதும் பட்டாவியா (இன்றைய ஜகார்த்தா) நினைவுக்கு வரும். 1890 வாக்கில் அங்கே எய்க்மன் என்ற டச்சு மருத்துவரின் கோழிகள் ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச்சோற்றைத் தின்று கால் தள்ளாடி விழுந்தன. புதிதாக வந்த சமையற்காரர், ராணுவச் சோறு சிவிலியன் கோழிகளுக்குக் கிடையாது என்று மறுத்துவிட்டார். தயமின் உள்ள தவிடு நீங்காத, தீட்டாத அரிசி கிடைத்தது; கோழிகள் எழுந்து நடந்தன. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. சமையற்காரருக்கு ஒன்றுமில்லை. இந்நிகழ்ச்சியைக் காட்டி எம் கருதுகோளை மறுப்போர், அக்கோழிகளுக்கு இரண்டாவது தட்டு வைக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க.

சரி, ருசி பார்த்தா தேர்ந்தெடுக்கிறது? கோழி வாயில் பழைய கணக்குப்படி 24 சுவை மொட்டுகள். பின்னால் வந்தவர்கள் தேடிப்பிடித்துச் சில நூறு என்றார்கள். இனிப்பை அறியும் ஏற்பியே அதற்குக் கிடையாது. ஆயிரக்கணக்கில் மொட்டுகள் வைத்திருக்கும் நாம் கல்யாணப் பந்தியில் மூன்றாவது ஜாங்கிரிக்குக் கை நீட்டுவதைப் பார்க்கும்போது, நாக்கு இந்த விஷயத்தில் நம்பத்தகுந்த சாட்சி அல்ல என்றே படுகிறது.

எல்லாக் கோழியும் சமர்த்து என்று நாம் சொல்லவில்லை. அமெரிக்காவின் மெயின் பல்கலைக்கழகத்தில் இருந்த பிராங்க்ளின் டவ் 1935இல் இதைப் பற்றி எழுதினார். தம் இஷ்டப்படி தின்ன விட்டால் சில கோழிகள் நல்லதாகப் பொறுக்கிக் கொழுக்கின்றன. சில கண்டதைத் தின்று நோஞ்சானாகின்றன. சமர்த்துக் கோழிகளின் உணவுப் பட்டியலையே நோஞ்சான்களுக்குக் கொடுத்தபோது அவையும் தேறின, ஆனால் அந்த அளவுக்கு வரவில்லை. உளவியலாளர் மாஸ்லோ இதை எடுத்துக்கொண்டு மனித விழுமியங்கள் வரை போய்விட்டார். இதே டவ்தான் 1933இல் ஒரு கன்றின் இரு கொம்பு மொட்டுகளையும் நடுநெற்றியில் சேர்த்து வைத்து ஒற்றைக்கொம்புக் காளையை வளர்த்துக் காட்டியவர். இப்பேர்ப்பட்டவரின் சாட்சியத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

மறுப்போரிடம் எஞ்சியிருப்பது தெர்மாகோல். பெட்டி பிரித்துப் போட்ட தெர்மாகோலைக் கோழி விருந்தாக நினைத்துக் கொத்தித் தின்கிறதே, அதில் என்ன சத்து என்கிறார்கள். அக்கோழிகள் டவ் சொன்ன இரண்டாம் வகையைச் சேர்ந்தவை என்பதே எம் பதில். எல்லாக் கோழியும்தான் தின்கிறது என்று மேலும் வாதிட்டால், அது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.