எடுப்புக் கக்கூஸ் போட்ட இன்ஜினியர் யார்?

சொந்த வீடு கட்டப் போகிறவருக்கு ஊரே புத்தி சொல்லும். மண்ணைச் சோதிக்க ஒருவர், பிளான் போட ஒருவர், கம்பிக் கணக்குக்கு ஒருவர், இந்த மூன்று பேர் போட்டதையும் அழித்து எழுத வாஸ்துக்காரர் ஒருவர். காசைப் பார்க்காதே, விவரம் தெரிந்த ஆளை வை என்பார்கள். காசையே பார்க்காமல் ஆள் வைத்த முதலாளியைப் பார்க்க வேண்டுமா? கோலார் தங்கவயலுக்கு வாருங்கள்.

லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி 1880-இல் இங்கே கால் வைத்தது. நிபுணர் விஷயத்தில் அதன் கை தாராளம். சுரங்கம் வெட்டத் தெரிந்தவர்கள் கார்ன்வாலிலிருந்து கப்பலேறி வந்தார்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் சுமார் 148 கிலோமீட்டர் கம்பியில் ஓடி வந்து சுரங்க இயந்திரங்களைச் சுழற்றியது. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரியவே இன்னும் மூன்று வருஷம் பாக்கி. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறை கொதிக்கும். அங்கே குளிர்காற்று அனுப்பவும் இன்ஜினியர் இருந்தார். துரைமார்களுக்குத் தோட்டத்தோடு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். எல்லாமே அளந்து, வரைந்து, கையெழுத்துப் போட்டுக் கட்டியவை.

வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து அந்தப் பாறையை உடைத்தவனுக்கு? மூங்கில் தட்டி வீடு. பிறகு, பெரிய மனது பண்ணி, லைன் வீடு. பத்துக்குப் பத்து என்று சொல்லிப் பழகிய ஓர் அறை. அதற்குள் அப்பா, அம்மா, பிள்ளைகள், ஊரிலிருந்து வேலை தேடி வந்த மாமா.

கக்கூஸ் பிளானுக்கு மட்டும் கம்பெனி எந்த நிபுணரையும் தேடவில்லை. தேடுவானேன்? அந்த பிளானை ஜாதி என்கிற மூத்த ஆர்க்கிடெக்ட் எப்போதோ போட்டு வைத்துவிட்டது. குழாய் வேண்டாம், தண்ணீர் வேண்டாம், செப்டிக் டேங்க் வேண்டாம். ஒரு வாளியும், அதைத் தூக்க ஒரு சாதியும் போதும். மலிவு, உறுதி. பராமரிப்புச் செலவு தலைமுறை தலைமுறையாக இன்னொருவன் தலையில்.

1956-இல் சுரங்கம் மைசூர் அரசிடம் வந்தது. 1962-இல் மத்திய அரசிடம். 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர்ப்பலகை மாறியது. வாளி மாறவில்லை. 1988-இல் பாறை எப்போது எதனால் வெடிக்கிறது என்று ஆராய இதே ஊரில் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் வைத்தார்கள். நல்ல காரியம்தான், குறை சொல்லவில்லை. பாறையின் மனக்குமுறலைக் கேட்க விஞ்ஞானி இருந்த ஊரில், மலம் அள்ளுகிறவளின் குமுறலைக் கேட்க ஒரு மேஸ்திரிகூட இல்லை.

இந்த மண்ணில், இந்த வேலை செய்த குடும்பத்தில் 1966-இல் பிறந்தவர் பெஜவாடா வில்சன். இதை நிறுத்தச் சொல்லி 1986 முதல் அதிகாரிகளுக்கும் மந்திரிகளுக்கும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். கடிதங்கள் உறங்கின. 1993-இல் எடுப்புக் கக்கூஸைத் தடைசெய்து நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அப்போதும் இங்கே வாளி நடந்துகொண்டுதான் இருந்தது. வில்சன் போட்டோ எடுத்தார். டெக்கான் ஹெரால்டில் செய்தி வந்தது. அப்புறம் பாருங்கள் அதிசயத்தை! மந்திரிகள் ஓடிவந்தார்கள், எடுப்புக் கக்கூஸ்கள் தண்ணீர்க் கக்கூஸ்களாக மாறத் தொடங்கின. அப்படியானால் தொழில்நுட்பம் இருந்திருக்கிறது, பணம் இருந்திருக்கிறது, ஆளும் இருந்திருக்கிறார். நூறு வருஷமாக இல்லாமல் போனது வெட்கம் ஒன்றுதான். அதையும் பத்திரிகைக்காரன் வந்து கொடுக்க வேண்டியிருந்தது. 800 டன் தங்கம் எடுத்த ஊரய்யா இது!

28 பிப்ரவரி 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். இன்று விடியற்காலையில் தங்கவயலின் மாரிக்குப்பம் ஸ்டேஷனில் ரயில் ஏறுகிறவர்களில் கொத்தனார் உண்டு, பெயின்டர் உண்டு, சென்ட்ரிங் ஆள் உண்டு. பெங்களூரில் மூன்று படுக்கையறை, நான்கு கழிப்பறை வீடுகளுக்கு மட்டம் பிடித்து டைல்ஸ் பதித்துவிட்டு, இரவு அதே லைன் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். நிபுணரைத் தேடி அலைகிற பெங்களூர்க்காரர்களே, உங்கள் நிபுணர் இவர்தான். இவர் வீட்டுக்குப் பட்டா கேட்டால் மட்டும் கம்பெனி நிலம், மத்திய அரசு நிலம் என்று ஃபைல் வட்டமடிக்கிறது.

இப்போது சயனைடு மேடுகள் மேல் கண் விழுந்திருக்கிறது. தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவு அது; கோடைக்காற்றில் பறந்து வந்து சோற்றுப் பானையில் விழுகிற தூள். அதில் மிச்சமிருக்கும் தங்கத்துக்காக 13 மேடுகளை ஏலம் விடும் யோசனைக்கு 2024-இல் கர்நாடக அமைச்சரவை தலையாட்டியது. டன்னுக்கு எத்தனை கிராம் என்று கணக்குப் பார்க்க முதல்தர நிபுணர்கள் வருவார்கள். அவர்கள் தங்க வீடு பார்ப்பார்கள். வருகிறவர் பெட்டியை இறக்குவதற்கு முன்பே கேட்பார், ஃப்ளஷ் வேலை செய்கிறதா என்று.