பேட்டரிக்கு வந்த பிறப்புச் சான்றிதழ்

12 வோல்ட் கார் பேட்டரி என்பது ஆறு அறை கொண்ட ஈய-அமிலப் பெட்டி. பிரெஞ்சு விஞ்ஞானி பிளாண்டே 1859-இல் உருவாக்கிய அந்த வேதியியல் இன்னும் அப்படியே இருக்கிறது. மாறியது காரின் குணம்தான்.

பழைய அம்பாசடருக்கு ஒரு ஸ்பேனரும் கந்தல் துணியும் போதும். மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டினால் டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

பல பிஎம்டபிள்யூ மாடல்களில் பேட்டரி டிக்கிக்குள் குடியிருக்கிறது. டிக்கிப் பூட்டோ மின்சாரத்தில் இயங்குவது. ஆக, பேட்டரி செத்தால் டிக்கி திறக்காது. டிக்கி திறக்காமல் பேட்டரியைத் தொட முடியாது. இதற்காகவே ரிமோட்டுக்குள் ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது. அதில் முன்கதவைத் திறந்து, லீவரை இழுத்து, பானெட்டுக்கு அடியிலுள்ள முனைகளில் வெளி மின்சாரம் கொடுக்க வேண்டும்.

பழையதை எடுத்துப் புதியதை வைத்ததும் வேலை முடிவதில்லை. மைனஸ் முனையில் உட்கார்ந்திருக்கும் சென்சார் பழைய பேட்டரியின் உடல்நிலையைக் கணக்கெழுதிக்கொண்டே வந்திருக்கிறது. ஸ்கேனரைச் செருகி, புதிய உறுப்பினர் வந்த செய்தியை முறைப்படிப் பதிவு செய்யாவிட்டால், கம்ப்யூட்டர் பச்சைக் குழந்தைக்குப் பாட்டி வைத்தியமே பார்க்கும்: தளர்ந்த பேட்டரிக்குரிய கணக்கிலேயே சார்ஜ் ஏற்றும். ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பதோடு ஒப்பிட்டால் இது சீக்கிரம் முடிகிற காரியம்தான்; ஸ்கேனர் வைத்திருப்பவரின் கூலியைத்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் சில்லறை வேலைகள்: இடையில் மின்சாரம் துண்டானதால், ஒரே தட்டில் ஏறிய ஜன்னல் கண்ணாடி பாதியில் நிற்கும், ஸ்டீயரிங் எச்சரிக்கை விளக்கு மினுக்கும். ஸ்டீயரிங்கை இடமும் வலமும் முழுதாகத் திருப்பினால் விளக்கு பெரும்பாலும் அணைந்துவிடும். கடிகாரத்துக்கு மட்டும் யாராவது நேரம் சொல்ல வேண்டும்.