கிர்பி என்றால் கோயிலூர்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துப் பால்மர, அதாவது ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்கள், வாழ்நாளெல்லாம் உச்சரித்தும் பொருள் கேட்காமலே விட்ட சொற்களுள் தலையாயவை அத்தோட்டங்களின் பெயர்களேயாகும். லாபுவில் கிர்பி, சிலியாவில் அதர்ட்டன், இவையன்றிப் பிராட்வால், வெல்லெஸ்லி, மிடல்டன் என நீளும் இவை, இங்கிலாந்தில் ஊர்ப்பெயராகவும், தந்தை, மகன், பேரன் என வழிவழியாக மாறாமல் ஒட்டிவரும் குடும்பப்பெயராகவும் வழங்குபவை. இவற்றுள் பிராட்வால் என்பது அங்கேயே அருகிக் காணப்படுவது. விடியுமுன் பிரட்டுக் களத்தில், அதாவது ஆள்கணக்கு எடுக்கும் திடலில், தோட்ட எழுத்தரான கிராணியார் செக்ரோல் எனும் பெயர்ப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருக்கையில், வாளியும் உளியுமாக நின்றவர்களுள் ஒருவர் முன்வந்து தோட்டப் பெயரின் சொற்பிறப்பை வினவியிருந்தால், அன்றைய கூலி அவருக்குக் கிடைத்திருக்குமா என்பது தனி ஆய்வுக்குரியது. ஆகவே, துரைமார் பெயரென்றால் அதற்குள் சிங்கமோ வாளோ கட்டாயம் இருக்கும் என்று கேளாமலே மதிப்பளிக்கப்பட்டது.

பிரித்துப் பார்த்தால் சிங்கமும் இல்லை, வாளும் இல்லை. வைக்கிங்குகள் எனப்பட்ட வடபுலக் கடலோடிகளின் மொழியான பண்டை நார்சில் ‘கிர்க்யா’ என்பது தேவாலயத்தையும் ‘பீ’ என்பது ஊரையும் குறிக்க, இரண்டும் சேர்ந்து தேய்ந்ததே கிர்பி. தமிழில் சொன்னால் கோயிலூர். பழைய லங்காஷயரைச் சேர்ந்த அதர்ட்டன், எதல்ஹெரே என்பவரின் ‘டூன்’, அதாவது வேலியடைத்த பண்ணை என்று பொருள்படுவதால், ‘அதர்ட்டன் தோட்டம்’ என்று சொல்வோர் ‘கேட்டு வாசல்’ என்பாரைப் போலத் தோட்டத்தை இருமுறை சொல்லிவிடுகின்றனர். மிடல்டன் வெறும் நடுத்தோட்டம். செஷயர்ச் சிற்றூர் ஒன்றின் பெயரான பிராட்வாலைக் கண்டு அகன்ற மதில் ஒன்றைக் கற்பனை செய்வோர் ஏமாறுவர். அதன் இறுதியிலுள்ள ‘வால்’, சுவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அன்று, சுனையைக் குறிக்கும் பழஞ்சொல்லின் திரிபு.

வெல்லெஸ்லியின் வரலாறு இன்னும் சுவையானது. சாமர்செட் மாவட்டத்து வெல்ஸ் நகரையொட்டி மரங்களை வெட்டித் திருத்திய நிலம் என்பதே அதன் பொருளாதலால், அதற்கு நேரான தமிழ்ப் பெயர் காடுவெட்டி. காட்டை அழித்துப் பால்மரம் நட்ட இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பதரிது. அப்பெயரால் உலகப் புகழ்பெற்ற குடும்பமோ முன்னர் ‘வெஸ்லி’ என்றே எழுதிவந்து, 1798ஆம் ஆண்டு வாக்கில்தான் எழுத்தைக் கூட்டி ‘வெல்லெஸ்லி’ ஆயிற்று. அவ்வாண்டே மூத்தவர் ரிச்சர்டு இந்தியாவின் தலைமை ஆளுநராகப் பொறுப்பேற்றார், மறு ஆண்டே சீரங்கப்பட்டணமும் விழுந்தது. எண்கணிதச் சோதிடர்கள் இச்சான்றை இதுகாறும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தாதது வியப்பே.

மாநிலத்தின் கடற்கரை நகரான போர்ட்டிக்சன், நீரிணைக் குடியேற்றங்களின் காலனித்துவச் செயலராயிருந்த சர் ஜான் பிரெடரிக் டிக்சனின் பெயரைத் தாங்கியது என்பர். டிக்சன் என்றால் டிக்கின் மகன் என்பதே பொருள்; டிக் என்பது ரிச்சர்டின் செல்லச் சுருக்கம். மலேசிய அடையாள அட்டையில் தமிழர் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே நிற்கும் ‘ஏ/எல்’, அதாவது மகன் எனப் பொருள்படும் ‘அனாக் லெலாக்கி’யின் சுருக்கம், செய்யும் வேலையும் இதுவே. வேறுபாடு ஒன்றுதான்: டிக்கின் மகனுக்குப் பிறந்த பேரப்பிள்ளைகளும் டிக்சன்களாகவே நின்றுவிட, தமிழர் தலைமுறைதோறும் தந்தையை மாற்றிக்கொள்கின்றனர். அதனால்தான் ராமசாமி ஏ/எல் முனுசாமி லண்டன் விமான நிலையத்தில் இறங்கியதும் அதிகாரி ‘மிஸ்டர் முனுசாமி’ என்று விளிக்க, காலஞ்சென்ற தகப்பனார் எப்போது விமானம் ஏறினார் என்று மகன் திரும்பிப் பார்க்க நேர்கிறது.

தந்தைவழியே உலகவழக்கு என்று முடிவுகட்டவும் இம்மாநிலம் இடந்தருவதில்லை. இங்குள்ள மினாங்கபாவ் மலாய் மக்கள் அடாட் பெர்ப்பத்தே எனும் மரபின்படி ‘சுக்கு’ எனப்படும் குலப்பெயரைத் தாய்வழியே பெறுகின்றனர். அக்குலங்களுள் ஒன்றான தானா டத்தார், மூதாதையர் புறப்பட்டு வந்த சுமத்திராவின் ஒரு பகுதியுடைய பெயர்; அதன் பொருள் சமநிலம். இவ்வாறு ஊரைப் பெயராகச் சுமப்பதற்குத் தமிழரும் புறம்பானவர் அல்லர். சங்கப் புலவர்களுள் கோவூர் கிழார் ஊரால் அறியப்பட்டவர், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனாரோ ஊரையும் துணி விற்கும் தொழிலையும் சேர்த்தே சுமந்தவர். டிரேப்பர் என்னும் ஆங்கிலக் குடும்பப்பெயருக்கும் துணி வணிகர் என்றே பொருள்.

ஊரை விட்டு வந்தவனை அவ்வூர்ப் பெயராலேயே அழைத்து அழைத்துத்தான் இங்கிலாந்தில் கிர்பிகளும் அதர்ட்டன்களும் உருவாயினர். அதே வேலை நெகிரி செம்பிலானில் மறுபடியும் நடந்திருக்கிறது. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் எனும் தோட்டக் குடியிருப்புகளைவிட்டுச் சனங்கள் சிரம்பானுக்கும் கோலாலம்பூருக்கும் பெயர்ந்த பின்னும், கல்யாணப் பந்தியில் இரு பெரியவர்கள் அருகருகே அமர்ந்தால், பெயர் கேட்குமுன் எழும் கேள்வி ‘எந்தத் தோட்டம்?’ என்பதே. கிர்பிக்காரர், அதர்ட்டன் ஆறுமுகம் என்று வரும் விடைகளைப் பார்க்கும்போது, பின்பெயரே இல்லாத சமூகம் ஓசைப்படாமல் ஒன்றைச் சம்பாதித்துக்கொண்டது புலனாகிறது. தோட்டந்தோறும் முதலில் ஒரு மாரியம்மன் கோயிலை எழுப்பிக்கொண்ட அம்மக்கள், பொருள் தெரியாமலே கிர்பியை மெய்யான கோயிலூர் ஆக்கியும் விட்டனர்.