கேக்குதா, பெரியப்பா?

சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பெரியம்மாவின் முழங்கால் வலி தேவலையா? நீங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோ கிடைத்தது. நீங்கள் பார்க்கப் போன வெப்சைட், ‘ரெஃப்யூஸ்டு டு கனெக்ட்’ என்று காட்டிவிட்டதாம். “முப்பது வருஷம் டெலிபோன்ஸ்ல இருந்தவனை ஒரு மெஷின் வேணாங்குதாம்!” என்ற உங்கள் வாய்ஸ் மெசேஜில் இருந்த சூட்டுக்கு, சர்வர்களுக்காக எங்கள் ஆபீசில் போட்டிருக்கும் ஏ.சி. கூட ஈடுகொடுக்காது.

கோபப்படாதீர்கள். உங்களுக்குக் கிடைத்தது மரியாதையான பதில். எப்படி என்று சொல்கிறேன்.

டிரங்க் கால் காலம் ஞாபகம் இருக்கும். அப்பா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு பெருங்குடிக்கே கேட்கிற மாதிரி, “ஹலோ, கேக்குதா?” என்பார். அந்தப் பக்கம், “கேக்குது, நான் பேசறது கேக்குதா?” இவர், “ம், கேக்குது.” இவ்வளவும் ஆன பிறகுதான் விஷயத்துக்கே வருவார்கள். இரண்டு கம்ப்யூட்டர்கள் பேச ஆரம்பிப்பதும் அட்சரம் பிசகாமல் இப்படித்தான். முதல் ‘கேக்குதா’வுக்கு ‘சின்’ என்று பெயர். பதிலும் எதிர்க்கேள்வியும் சேர்ந்து வருவது ‘சின்-ஆக்’. கடைசி ‘ம்’ வெறும் ‘ஆக்’. வின்ட் செர்ஃபும் பாப் கானும் 1974-இல் இந்தப் பேச்சுமுறைக்குக் கால்கோள் போட்டார்கள். 1981 செப்டம்பரில் ‘ஆர்எஃப்சி 793’ என்ற ஆவணமாக அது நிலைபெற்றது. அப்பாவுக்கு ராயல்டி எதுவும் வரவில்லை.

இரண்டோடு நிறுத்தினால் என்ன என்பீர்கள். கூப்பிட்டவனுக்குத் திருப்தி, எடுத்தவனுக்குத்தான் தன் குரல் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. அதற்காகத்தான் அந்த மூன்றாவது ‘ம்’.

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம் ஆகும்? சென்னைக்கும் இந்த ஊருக்கும் நடுவே கடலுக்கடியில் 2002-இல் போட்ட ஐ2ஐ கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழைக்குள் ஒளி செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். ‘கேக்குதா’ போய் ‘கேக்குது’ திரும்பிவரக் கேபிளில் ஆகும் நேரம் 32 மில்லிசெகண்ட். நம் வீட்டிலிருந்து ஆட்டோவில் கிளம்பி எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சிக்னலைத் தாண்டுவதற்குள் எத்தனை தடவை போய்வரலாம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள், பொழுது போகும்.

இப்போது உங்கள் வழக்குக்கு வருவோம். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் 65,535 எக்ஸ்டென்ஷன்கள் உண்டு. ‘போர்ட்’ என்போம். பூட்டுப் போட்ட வெப்சைட்டுக்கு 443. எங்களைப் போன்ற ஆட்கள் தூரத்திலிருந்து உள்ளே நுழைய 22. நீங்கள் கூப்பிட்ட எக்ஸ்டென்ஷனில் அந்த நேரம் ஆள் இல்லை. ராத்திரி அந்த புரோகிராம் படுத்திருக்கும். உடனே அந்த மெஷினே, “இங்க யாரும் இல்லீங்க, வெச்சுடுங்க” என்று ‘ரீசெட்’ அனுப்பிவிட்டது. லைன் சரி, மெஷினுக்கு உயிர் இருக்கிறது, ஆள்தான் இல்லை. இத்தனை சேதியும் கண்ணிமைக்கும் நேரத்தில்! அந்தக் காலத்தில் இந்தத் தகவலுக்கு நீங்கள் லைன்மேனைக் கம்பத்தில் ஏற்றியிருப்பீர்கள்.

நிஜமான அவமானம் வேறே. பேச்சே இருக்காது. வழியில் ‘ஃபயர்வால்’ என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். பிடிக்காத ஆளின் ‘கேக்குதா’வைக் காதில் வாங்கி, அப்படியே கீழே போட்டுவிடும். கூப்பிட்டவன் ஒரு செகண்ட் பொறுத்து மறுபடி கேட்பான், பிறகு 2, 4, 8 என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போவான். லினக்ஸின் பழைய வழக்கப்படி கைவிட 127 செகண்ட். திரையில் வட்டம் சுற்றிச் சுற்றிக் கடைசியில், பதில் வர நேரமாகிறது என்று ஒரு வழவழா வாசகம் வரும். திருடன் ஒவ்வொரு நம்பராகப் போட்டுப் பார்க்கும்போது ‘இங்க யாரும் இல்லை’ என்று சொல்வதே ஆள் இருப்பதைக் காட்டிக்கொடுக்கும் என்பது ஃபயர்வால்காரர்கள் நியாயம். வெளியாட்களுக்கு அது சரி. ஆபீசுக்குள்ளேயே அதைச் செய்கிறவர்களை நான் மன்னிக்கமாட்டேன். எது கெட்டது என்று தேடியே பாதி நாள் போகிறது.

இங்கே வாடகைக்கு ரூம் தேடியபோது இந்த மௌனம், மறுப்பு இரண்டையும் நேரிலேயே பார்த்துவிட்டேன். விளம்பரத்தில் ‘லைட் குக்கிங்’ மட்டும் என்று போடுகிறார்கள். ரசம் லைட்டா? தாளிப்பது எந்த வகை? ஏஜென்டிடம் விளக்கமாகக் கேட்டேன். கடுகு, பெருங்காயம் வரை போன பிறகு எதிர்முனையில் மௌனம். மெசேஜுக்கு நீல டிக் மட்டும். இன்னொரு அம்மா, “இந்தியன் சமையல் வேணாம், ஸாரி” என்று மூஞ்சிக்கு நேரே சொன்னார். வலித்தது, ஆனால் அன்று சாயங்காலமே வேறு ரூம் பார்க்கப் போய்விட்டேன்.

மிஸ்டு கால் கொடுத்தே ஒரு கம்பெனியைப் படுக்கவைத்த கதை தெரியுமா? 1996 செப்டம்பரில் நியூயார்க்கில் ‘பானிக்ஸ்’ என்ற இன்டர்நெட் நிறுவனத்துக்கு யாரோ பொய் விலாசத்திலிருந்து ‘கேக்குதா, கேக்குதா’ என்று கொட்டித் தீர்த்தார்கள். அந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டர், வந்த ஒவ்வொன்றுக்கும் ‘கேக்குது, உங்களுக்கு?’ என்று சொல்லி, பேரைக் குறித்துவைத்துக் காத்திருக்கும். மூன்றாவது ‘ம்’ வரவே வராது. நோட்டு நிறைந்துவிட்டது, நிஜ வாடிக்கையாளருக்கு இடமில்லை. டேனியல் பெர்ன்ஸ்டைன் அப்போது சொன்ன யோசனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது: நோட்டே வேண்டாம். பதிலோடு போகும் வரிசை எண்ணிலேயே குறிப்பை மறைத்து அனுப்பிவிடு. உண்மையான ஆள் மூன்றாவது ‘ம்’ சொல்லும்போது அந்த எண்ணைத் தானே திருப்பிக் கொண்டுவருவான். பொய் ஆளுக்குச் செலவு செய்ய ஒரு வரி மை கூட வேண்டாம். நம் எக்ஸ்சேஞ்சில் இப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் நீங்கள் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு ஆடியிருப்பீர்கள்.

பேசி முடித்து வைப்பதற்கும் முறை உண்டு. இவன் ‘வெக்கறேன்’, அவன் ‘சரி’. அவன் ‘நானும் வெக்கறேன்’, இவன் ‘சரி’. அதன் பிறகும் முதலில் வைத்தவன், லினக்ஸாக இருந்தால் ஒரு நிமிஷம், யாராவது எதையாவது விட்டுவிட்டார்களா என்று காத்திருப்பான். பெரியம்மா வாசற்படியில் நின்று எடுத்துக்கொள்ளும் முக்கால் மணி நேரத்தை எந்த ஆர்எஃப்சியும் இன்னும் அங்கீகரிக்கவில்லை.

அந்த வெப்சைட்டைத் திங்கட்கிழமை காலை பத்தரைக்கு மேல் பாருங்கள், யாராவது எழுப்பியிருப்பார்கள். மறுபடியும் மறுத்தால் எனக்குப் போட்டோ அனுப்புங்கள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால் அனுப்பவேண்டாம், நேரே அந்த ஆபீஸ் கவுண்டருக்குப் போய்விடுங்கள். அங்கே ஆள் இல்லை என்றால், நாற்காலி முதுகில் ஒரு துண்டாவது தொங்கும்.

அன்புடன்,
உங்கள் தம்பி மகன்