சித்தப்பா இருக்கும் நாட்டில் எம்.பி.ஏ.

திருப்பூரில் ஒரு வங்கிக் கிளையில் கல்விக் கடன் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் எந்த நாட்டில் எம்.பி.ஏ. படிப்பான் என்று மனுவைப் பிரிக்காமலே சொல்லிவிடுவேன். சித்தப்பா நியூஜெர்சியில் இருந்தால் அமெரிக்கா. பெரியம்மா மகள் மெல்போர்னில் இருந்தால் ஆஸ்திரேலியா. "படிச்சு முடிச்சு என்ன வேலைக்குப் போகப்போறீங்க தம்பி?" என்றால் பையன் அப்பாவைப் பார்ப்பான், அப்பா அம்மாவைப் பார்ப்பார். அம்மா, "அங்க நம்ம ஊர் அரிசியே கிடைக்குதாமுங்க சார்" என்பார்.

பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் மகனுக்கு லண்டனில் சீட் கிடைத்ததென்று கிளை முழுக்க ஜாங்கிரி கொடுத்தார். கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். ஐவி பிசினஸ் ஸ்கூல். லண்டன்தான், ஆனால் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்து லண்டன். அங்கேயும் தேம்ஸ் என்று ஒரு ஆறு ஓடுகிறது. குழம்பாமல் என்ன செய்வார்கள்? பையன் என்னைப் பார்த்த பார்வையில் அவனுக்கு விஷயம் தெரியும் என்று புரிந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் இரண்டாவது ஜாங்கிரிக்குக் கை நீட்டிவிட்டார். விட்டுவிட்டேன். பள்ளி என்னவோ நல்ல பள்ளிதான்.

என்ன வேலை என்று முதலில் முடிவு செய்தால் ஊர் தானாகப் பிடிபடும். சாஃப்ட்வேரை விட்டு வேறு துறைக்குத் தாவ நினைப்பவருக்கு அமெரிக்காவின் 2 வருடப் படிப்பு தோது. நடுவே வரும் கோடை இன்டர்ன்ஷிப்பில்தான் புதுத் துறைக்குள் கால் வைக்க முடியும். கன்சல்டிங்தான் குறி, சீக்கிரம் திரும்பி வேலையில் உட்கார வேண்டும் என்றால் இன்சியாட். 10 மாதம்தான், பாரிஸ் பக்கத்து ஃபோன்டென்புளோவிலும் சிங்கப்பூரிலும் மாறி மாறிப் படிக்கலாம். அப்பாவின் நிட்டிங் யூனிட்டையே எடுத்து நடத்தப்போகிறவர், சொந்தத் தொழிலுக்கென்றே பேர்போன பாப்சனைப் பார்க்கலாம். வால் ஸ்ட்ரீட்டுக்கு ஆள் அனுப்பும் பள்ளிக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு வந்து நூல் விலை பேசுவானேன்?

இதையெல்லாம் சொன்னால் "ரேங்க் என்னங்க சார்?" என்பார்கள். ரேங்க்கைவிட விசாவைத்தான் நான் பார்ப்பேன், என் பயம் எனக்கு. அமெரிக்காவில் படிப்பு முடிந்தபின் வேலை பார்க்க 12 மாதம் தருவார்கள். அந்தப் படிப்பு ஸ்டெம் எனும் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளின் பட்டியலில் இருந்தால் இன்னும் 24 மாதம். எம்.பி.ஏ.க்களைப் பல பள்ளிகள் அந்தப் பட்டியலுக்குள் நகர்த்தியது சும்மா இல்லை. அதற்குப் பிறகு ஹெச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல். வருடத்துக்கு 85,000 பேருக்குத்தான் இடம். எங்கள் கணக்கிலோ படிப்பு முடிந்து ஒரு வருடத்தில் தவணை ஆரம்பம். கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் ஈடு வேண்டும் என்பதால், அவன் அங்கே குலுக்கலுக்குக் காத்திருக்க, வீட்டுப் பத்திரம் எங்கள் பெட்டகத்தில் காத்திருக்கும்.

அப்படி ஒரு பத்திரத்தின் சொந்தக்காரர், பையனின் அப்பத்தா, ஒருநாள் நேரே என் மேசைக்கே வந்துவிட்டார்.

"ஏனுங் சார், பேரன் லாட்டரி போட்டிருக்கறானாமா. அதைத்தான் நம்மூர்ல 2003-லயே நிறுத்திப்போட்டாங்களே, போலீசு புடிக்காதுங்களா?"

"இது அமெரிக்க கவர்மென்ட்டே நடத்தறதுங்கம்மா."

கொஞ்சம் தெளிந்தார். "விழுந்தா பரிசு யாருக்குங்க?"

"எங்க பேங்க்குக்குத்தானுங்கம்மா."