பரிசு பெறாத பெரியவர்

கேள்வி: நோபல் பரிசு பெறாத இரசாயன மேதைகளுள் தாங்கள் முதலில் வணங்குவது யாரை?

பதில்: கில்பர்ட் நியூட்டன் லூயிஸை. 1875-இல் அமெரிக்காவில் பிறந்து, ஹார்வர்டில் டாக்டர் பட்டம் பெற்று, சிறிது காலம் மணிலாவில் எடை, அளவைகளுக்கு அதிகாரியாகவும் இருந்து, 1912 முதல் ஆயுட்பரியந்தம் கலிபோர்னியா சர்வகலாசாலையின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய இப்பெருமகனார், இரண்டு அணுக்கள் ஒரு ஜோடி எலக்ட்ரான்களைப் பொதுச் சொத்தாக வைத்துக்கொள்வதனாலேயே பிணைகின்றன என்று 1916-இல் எழுதியபோது, பாகப்பிரிவினையையே கண்டு பழகிய நமக்கு, பிரிக்காமல் அனுபவிப்பதே பந்தம் என்பதை ஜடப்பொருள்கள் அல்லவா கற்பித்தன! இன்று பள்ளி மாணவன் மூலகக் குறியீட்டைச் சுற்றி இடும் புள்ளிகள் அவர் வகுத்துத் தந்த கோலமே. ஒளித்துகளை இன்று குறிக்கும் 'போட்டான்' என்னும் பெயர், அவர் கருதிய பொருள் பிற்பாடு மாறிப்போயினும், பிரசித்தி அடைந்தது அவருடைய 1926-ஆம் ஆண்டுக் கடிதத்தினால்தான். 1933-இல் ஏறக்குறையக் கலப்பற்ற கனநீரை முதன்முதலில் பிரித்தெடுத்தவரும் அவரே.

அவர் பெயர் எத்தனையோ முறை நோபல் குழுவின்முன் வைக்கப்பட்டது. அவர் வளர்த்த இரசாயனத் துறையில் பயின்ற யூரி, கியோக், ஸீபர்க், லிபி ஆகிய நால்வரையும் அப்பரிசு தேடி வந்தது. விதை நெல்லைக் கொடுத்தவர் வீட்டுக்கு மட்டும் புதுநெல் வந்து சேரவில்லை. இதை ஸ்டாக்ஹோமின் குறையென்றே நான் கருதுகிறேன்.

1946 மார்ச் 23 அன்று, தமது எழுபதாம் வயதில், பரிசோதனை ஒன்றைச் செய்துகொண்டிருக்கையிலேயே, தம் ஆராய்ச்சிசாலையில் அவர் காலமானார்.